நாற்பது ரூபாய் பாக்கி

நான் பி.காம். ஸார். டெபிட், கிரெடிட் என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். கபாசிட்டர், டிரான்சிஸ்டர் என்றால் எனக்குத் தூக்கம்தான் வரும். அப்பேர்ப்பட்டவன் ஒரு ஷார்ட்வேவ் ரேடியோவைச் சொந்தக் கையால் கட்டி முடித்தேன் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பழைய கடன் இருக்கிறது.

2007. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு வீட்டை ஒழித்தபோது, டயல் நூல் அறுந்து ஒரு மாதமாக அலமாரி மேல் கிடந்த அப்பாவின் ரேடியோவைப் பழைய பேப்பர்காரரிடம் 40 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். சாயங்காலம் அப்பா வந்தார். காலி அலமாரியைப் பார்த்தார்.

"எவ்ளோ குடுத்தான்?"

"நாப்பதுப்பா."

"ம்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றைக்கே கணக்கு முடிந்திருக்கும். தினமும் ராத்திரி ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்காமல் சாப்பிடாத மனுஷர், மறுநாளிலிருந்து எட்டரைக்கே சாப்பிட ஆரம்பித்தார். அந்த 'ம்' என் புத்தகத்தில் வராக்கடனாக அப்படியே நின்றுவிட்டது.

போன வருஷம்தான் துணிந்து இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ரேடியோ கட்டுவதில் பெரிய தலைவலி வேண்டாத விருந்தாளிகள் என்று. ஆன்டெனா என்பது மொட்டை மாடியில் இழுத்துக் கட்டிய வெறும் கம்பி. ஆள் பார்த்து உள்ளே விட அதற்குத் தெரியாது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஷார்ட்வேவ் கூட்டம், கூடவே மீடியம்வேவ், எதிர்வீட்டு மொபைல் சார்ஜரின் இரைச்சல், எல்லாம் கல்யாணப் பந்திக்கு ஓடுகிற மாதிரி ஒரே நேரத்தில் நுழையும். அத்தனையையும் அப்படியே மிக்ஸருக்கு அனுப்பினால், பலமான ஸ்டேஷன் தன் இடத்தை விட்டு அடுத்தவர் இடத்திலெல்லாம் தலைகாட்டும்.

ஆகவே வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர்தான் பேண்ட்பாஸ் ஃபில்டர். காயிலும் கபாசிட்டரும் ஜோடி சேர்ந்து, குறிப்பிட்ட பேண்டை மட்டும் உள்ளே விட்டு, மேலே கீழே உள்ளதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடும். பேண்டுக்கு ஒரு ஆள் வேண்டும். 49, 41, 31, 25, 19 மீட்டர் என்று நான் ஐந்து பேரை வேலைக்கு வைத்தேன்.

முதல் ஆளிடமே தகராறு. 31 மீட்டர் ஸ்டேஷன்கள் 9.4 முதல் 9.9 மெகாஹெர்ட்ஸ் வரை கிடக்கின்றன. என் ஃபில்டரோ 9.2-ல் போய் உட்கார்ந்துகொண்டது. காரணம், குட்டி வடை மாதிரி இருக்கும் டொராய்டு வளையத்தில் கம்பி சுற்றும்போது நான் எண்ணிய லட்சணம். ஓட்டைக்குள் கம்பி ஒரு தடவை நுழைந்தாலே அது ஒரு சுற்று. நான் முழுசாகச் சுற்றி வந்த பிறகே 'ஒன்று' என்றேன். 20 சுற்றுக்கு 21 விழுந்துவிட்டது. சுற்று ஒன்று கூடினால் இண்டக்டன்ஸ் பத்து சதவீதம் ஏறும், அலைவரிசை ஐந்து சதவீதம் இறங்கும். இருபது வரை எண்ணத் தெரியாத பி.காம்.!

அடுத்து, ஐந்து பேரில் யாரை எப்போது கூப்பிடுவது? பழைய செட்டுகளில் கடகடவென்று திருப்புகிற பேண்ட் ஸ்விட்ச் இருக்கும். நாளாக நாளாக காண்டாக்ட் கறுத்துப்போய், தட்டினால்தான் பாடும். நான் ஃபில்டருக்கு இரண்டு ரிலே வைத்து, அவற்றை மேய்க்க ஆர்டுயினோ நானோ என்ற கட்டைவிரல் அகல மைக்ரோகன்ட்ரோலரை நியமித்தேன். ஆர்வக்கோளாறில் ரிலேயை அதன் காலிலேயே நேராகக் கொடுத்தேன். ஒரு கால் 40 மில்லியாம்பியருக்கு மேல் தாங்காது. என் 5 வோல்ட் ரிலே கேட்டதோ 70. புகைகூட வரவில்லை, அந்தக் கால் செத்துப்போனது.

ரிச்சி தெருக் கடைக்காரர் சிரித்தார். "க்ளார்க் கையில செக்ல கையெழுத்து வாங்கலாமா சார்? நடுவுல மேனேஜர் வேணாம்?" என்று ஒரு யு.எல்.என். 2003 ஐ.சி.யை எடுத்துப் போட்டார். க்ளார்க் சொன்னால் போதும், கனமான கரன்ட்டை இது பார்த்துக்கொள்ளும். ரிலே அணையும்போது காயில் விடுகிற உதையை வாங்கிக்கொள்ள டயோடும் உள்ளேயே இருக்கிறது.

எல்லாம் சேர்த்து ஆன் செய்தால் ஒரே சரசரப்பு. குற்றவாளி யார் என்கிறீர்கள்? சத்தத்தை வடிகட்ட வைத்த நானோவேதான்! அதற்குள் 16 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் துடிக்கிற கடிகாரம். அதை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்து, ரிலேயைத் தட்டியதும் தூங்கிவிடு என்று புரோகிராம் எழுதினேன். தூங்கினாலும் ரிலே போட்டபடியே நிற்கும். குமிழைத் திருப்பினால் விழித்து, சொன்னதைச் செய்துவிட்டு மறுபடி படுத்துவிடும். ஊழியர் தூங்கினால்தான் வேலை நடக்கும் என்பதை எந்த ஆபீஸ் ஒப்புக்கொள்ளும்?

ஒரு ராத்திரி அப்பா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது அவருக்கும் தெரியும். இருந்தும் ஒன்பதேகால் வரை காத்திருந்தே குமிழைத் தொட்டார். 'டக்' என்று ரிலே மாறியது. சீனப் பாட்டு ஒன்று வந்தது. அடுத்த 'டக்'கில் ஏதோ அரபுப் பேச்சு. ஒன்றும் புரியாமலே முக்கால் மணி நேரம் கேட்டார். நடுவில் கொஞ்சம் மங்கியதும், பழக்கதோஷம், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"இதைத் தட்ட வேணாம்ப்பா."

"ம்" என்றார். பிறகு, "எவ்ளோடா ஆச்சு?"

ஆறாயிரத்துக்கு மேலே போயிருந்தது. "நாப்பது ரூபாப்பா" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"பரவால்லியே, இத்தினி வருஷத்துல வெல ஏறவே இல்ல."