மார்பக ஆபரேஷனுக்குப் பிறகும் தீராத வலி: நரம்பை உறைய வைத்து அடக்க முடியுமா?

1/
மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவராவது உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ இருப்பார். "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பார். கட்டியை எடுத்தாச்சு, கீமோ முடிஞ்சாச்சு, முடியும் திரும்ப வளர்ந்தாச்சு. ஆனால் அவர் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கலாம். வலி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2/
எங்கள் அரசு மருத்துவமனை ஓபியில் இந்த வலி நேராக வெளியே வராது. பிரஷர் மாத்திரை வாங்க வந்த அம்மா, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் மெதுவாக ஆரம்பிப்பார். "டாக்டரம்மா, ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. அக்குள்ல இன்னும் தீ வெச்ச மாதிரி எரியுது. ஜாக்கெட் பட்டாலே சுள்ளுங்குது." வீட்ல சொன்னீங்களான்னு கேட்டால், "உசுரு பொழைச்சதே பெருசு, இதைப் போய் சொல்லிக்கிட்டு..." என்பார். இப்படிச் சொல்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

3/
சொல்லாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பயம். 'வலிக்குதுன்னா நோய் திரும்ப வந்துடுச்சோ?' என்று ராத்திரி தூக்கம் இல்லாமல் கிடப்பார்கள். டாக்டரிடம் போனால் அதை உறுதி செய்துவிடுவாரோ என்று போகாமலே இருப்பார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும் எரிச்சலுக்குப் பல சமயம் காரணம் நரம்புதான். ஆனாலும் பரிசோதித்துத்தான் அதைச் சொல்ல முடியும். அதனால் பயம் இருந்தால் இன்னும் சீக்கிரம் வாருங்கள்.

4/
இது அபூர்வமான பிரச்சினை என்று நினைக்காதீர்கள். டென்மார்க்கில் நாடு முழுக்க மார்பக ஆபரேஷன் செய்துகொண்ட 3,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு, 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று வருடம் கழித்தும் 47 சதவீதம் பேருக்கு வலி இருந்தது. கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர்! வலி இருந்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு அது கடுமையான வலி. இளம் வயதுப் பெண்கள், அக்குள் நெறிகட்டிகளையும் சேர்த்து எடுத்தவர்கள், கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்கள் ஆகியோருக்கு வலி வரும் வாய்ப்பு அதிகம்.

5/
ஏன் வலிக்கிறது? ஒவ்வொரு விலா எலும்புக்கும் கீழே ஒரு நரம்பு முதுகிலிருந்து முன்பக்கம் வரை ஓடுகிறது. மார்பகத்தின் உணர்ச்சியைப் பெரும்பாலும் சுமப்பது இந்த நரம்புகள்தான். அதில் இரண்டாவது விலா நரம்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து, அக்குள் வழியாகக் கையின் உள்பக்கத்துக்குப் போகும். அக்குளில் நெறிகட்டிகளை எடுக்கும்போது அந்தக் கிளை இழுபடலாம், அறுபடலாம். எவ்வளவு கைதேர்ந்த சர்ஜன் செய்தாலும் நடக்கக்கூடியது இது. அதனால்தான் ஒரே இடத்தில் மரத்தும் போகிறது, எரியவும் செய்கிறது.

6/
இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் கடுமையான வலியை அனுபவித்தவர்களுக்கு, அது நாள்பட்ட வலியாக மாறும் வாய்ப்பு அதிகம். விடாமல் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால், தண்டுவடமும் மூளையும் அதற்கு மேலும் மேலும் கூர்மையாகிவிடும். அப்புறம் துணி உரசினாலும் அதை வலி என்றே எடுத்துக்கொள்ளும். "ஆபரேஷன்னா வலிக்கத்தானே செய்யும், பொறுத்துக்க" என்று சொல்லும் பழக்கம் எவ்வளவு கெடுதல் என்பது இப்போது புரிகிறதா?

7/
இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்துகள். தேவைப்பட்டால் டிரமடால், மார்ஃபின். கூடவே, ஸ்கேன் பார்த்து நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி. நல்ல ஊசி அது. ஆனால் ஒரு தடவை போட்டால் பொதுவாக ஒரு நாளுக்குள் வேலை முடிந்துவிடும். வலியோ வாரக்கணக்கில் இருக்கிறது. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது?

8/
ஒரு வழி நரம்பை உறைய வைப்பது. ஆங்கிலத்தில் கிரையோநியூரோலிசிஸ் என்பார்கள். நுனி மூடிய ஒரு ஊசிக்குள் அழுத்தத்தில் இருக்கும் வாயுவை, உதாரணத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடை, அனுப்புகிறார்கள். நுனிக்கு வந்ததும் அழுத்தம் குறைந்து வாயு விரிகிறது. விரியும்போது சட்டென்று குளிர்கிறது. பாடி ஸ்ப்ரே அடித்தால் ஜில்லென்று இருக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இங்கே குளிர் சுமார் மைனஸ் 70 டிகிரி செல்சியஸ். ஊசி நுனியைச் சுற்றி ஒரு சின்னப் பனி உருண்டை உருவாகி நரம்பை மூடிக்கொள்ளும். வாயு உடம்புக்குள் போவதில்லை, வந்த வழியே வெளியேறிவிடும். அல்ட்ராசவுண்டில் அந்தப் பனி உருண்டையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

9/
"ஐயோ, நரம்பு செத்துடாதா?" நியாயமான கேள்வி. பீர்க்கங்கொடியும் பந்தலும் நினைத்துக்கொள்ளுங்கள். நரம்புக்குள் இருக்கும் இழைதான் கொடி. அதைச் சுற்றியிருக்கும் நுண்ணிய குழாய்களும் உறைகளும்தான் பந்தல். இந்த அளவுக் குளிரில் கொடி பட்டுப்போகும், பந்தல் அப்படியே நிற்கும். புதுக்கொடி அதே பந்தலைப் பிடித்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை வளரும். அது வளர்ந்து சேர வாரங்கள், மாதங்கள் ஆகும். அதுவரை அந்த நரம்பு வழியாக வலிச் செய்தி போகாது. கத்தியால் நரம்பை அறுத்தால் பந்தலும் சேர்ந்து சரிந்துவிடும். அப்போது கொடி வழி தெரியாமல் தரையில் சுருண்டு முடிச்சாகலாம். அந்த முடிச்சே வலிக்க ஆரம்பிக்கும்.

10/
குளிர் வலியைக் குறைக்கும் என்பது பழைய செய்தி. 1807-ல் ஐலாவ் போரில் கடும் பனியில் கை கால்களை வெட்டி எடுக்க நேர்ந்தபோது, வீரர்களுக்கு வலி குறைவாக இருந்ததை நெப்போலியனின் படை மருத்துவர் லாரே கவனித்தார். 1976-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் நரம்பை உறைய வைத்து வலியை அடக்கிய அனுபவத்தை லான்செட் இதழில் எழுதினார்கள். அப்போது பல இடங்களில் நரம்பை வெளியே எடுத்துத்தான் செய்தார்கள். இப்போது ஸ்கேன் வந்துவிட்டதால் தோல் வழியாக ஊசி மட்டும் போதும்.

11/
மார்பகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிரையன் இல்ஃபெல்ட் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு, மார்பகத்தை எடுக்கும் ஆபரேஷனுக்கு வந்த 60 பெண்களிடம் இதைச் சோதித்தது. எல்லோருக்கும் வழக்கமான மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அதோடு 31 பேருக்கு விலா நரம்புகளை உண்மையாகவே உறைய வைத்தார்கள். மீதி 29 பேருக்கு அதே மாதிரி ஊசி வைத்துவிட்டு, குளிரூட்டாமல் எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வலியைக் கேட்டுக் குறித்தவர்களுக்கும் தெரியாது. 2023-ல் முடிவு வெளியானது.

12/
ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். பத்துக்கு எவ்வளவு வலி? உறைய வைத்தவர்களில் நடுமதிப்பு 0. மற்றவர்களில் 3. முதல் மூன்று வாரத்தில் எடுத்துக்கொண்ட ஓபியாய்டு மாத்திரை 98 சதவீதம் குறைவு. ஒரு வருடம் கழித்து நாள்பட்ட வலி இருந்தவர்கள் ஒரு பக்கம் 1 பேர், மறு பக்கம் 5 பேர். இந்தக் கடைசி எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நரம்பு திரும்ப வளர்ந்த பிறகும் வலி வரவில்லை என்றால், முதல் சில மாதங்களைக் காப்பாற்றியதற்குப் பலன் கிடைத்திருக்கலாம்.

13/
'ஓபியாய்டு இல்லாத சிகிச்சை' என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? அமெரிக்காவில் வலிக்கு எழுதிக் கொடுத்த ஆக்சிகோடோன் மாதிரி மாத்திரைகளே பலரைப் போதைக்கு இழுத்துப் பெரிய அழிவாகிவிட்டது. நம் நாட்டுக் கதை வேறு. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், புற்றுநோயில் துடிப்பவருக்குக்கூட மார்ஃபின் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி கொஞ்சம் திறந்தது. அதனால் இதைப் படித்துவிட்டு "மார்ஃபின் விஷம்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். தேவையானவருக்கு, டாக்டர் கண்காணிப்பில், அது பெரிய வரம்.

14/
குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 60 பேர் என்பது சின்ன ஆய்வு. உறைய வைத்த பகுதி மாதக்கணக்கில் மரத்திருக்கும். விலா நரம்புக்கு அடுத்தே நுரையீரல் உறை இருப்பதால், ஊசி தவறினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் ஆபத்து உண்டு, பழகிய கை வேண்டும். குளிர் பட்டாலே உடம்பு தடிப்பவர்கள், குளிரில் விரல் நீலமாகும் ரேனாட்ஸ் நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு இது ஆகாது. புற்றுநோயை இது குணமாக்காது. வலிக்கு மட்டும்தான்.

15/
"உங்க ஆஸ்பத்திரியில இருக்கா டாக்டர்?" இல்லை. பிறகு எதற்கு எழுதுகிறேன்? இந்த வலிக்கு உடம்பில் ஒரு இடம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது, அதை முன்கூட்டியே அடக்கவும் முடிகிறது என்று இந்த ஆய்வு காட்டியிருக்கிறது. உறைய வைக்கும் கருவி நம் ஊருக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே கேட்டு வாங்கக்கூடியவை இருக்கின்றன.

16/
ஆபரேஷனுக்கு முன்: மயக்க மருந்து டாக்டர் உங்களைப் பார்க்க வரும்போது, "எனக்கு நரம்பு மரத்துப்போற ஊசி போட முடியுமா?" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்கனவே நாள்பட்ட வலி, தூக்கமின்மை, மனப்பதற்றம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின்: பத்துக்கு எவ்வளவு வலி என்று எண்ணாகச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையை, வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். வலி குறைந்தால்தான் சுவரில் விரல் ஏற்றும் பயிற்சியைச் செய்ய முடியும். பயிற்சி நின்றால் தோள்பட்டை இறுகும். கையைத் தூக்க முடியாவிட்டால் கதிர்வீச்சுக்குப் படுப்பதே சிரமம்.

17/
மூன்று மாதம் தாண்டியும் எரிச்சல், ஷாக் அடிப்பது, துணி பட்டால் வலி என்று இருந்தால் டாக்டரைப் பாருங்கள். புதுக் கட்டி, தோல் சிவப்பு, கை வீக்கம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உண்டு. நீங்களாக மெடிக்கலில் வாங்க வேண்டாம். டாமாக்ஸிஃபென் சாப்பிடுபவர் என்றால் அதை அவசியம் சொல்லுங்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் துலாக்ஸெடின், டாமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் விதத்தைக் குறைக்கக்கூடும்.

18/
முக்கியமான எச்சரிக்கை. 'உறைய வைத்தால் வலி போகும்' என்று படித்துவிட்டு, ஃப்ரீசர் ஐஸ் கட்டியைத் தழும்பில் வைத்து அழுத்தாதீர்கள். அந்தத் தோல் பாதி மரத்துப்போய் இருக்கும். குளிர் சுட்டாலும் தெரியாது, வெந்நீர்ப் பை சுட்டாலும் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும்.

19/
கடைசியாக, வீட்டில் இருக்கும் கணவர்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் வரும். "அக்குள்ல எரியுதா? ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியுதா? கையை மேல தூக்க முடியுதா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்று சொன்னால், அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். அவர் சொல்லத் தயங்கினால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள்.