மடிப்புக் கோடுகள்

என் தந்தையார் பணியின் பொருட்டுக் கொல்கத்தாவில் குடியேறியவர். எங்கள் இல்லம் லேக் மார்க்கெட்டுக்கு அருகில் இருந்தது. விடுமுறை நாள்களில் அவர் என்னை ஃப்ரீ ஸ்கூல் தெருவிலுள்ள பழைய நூற்கடைகளுக்கு அழைத்துச் செல்வார். அவர் நூல்களைப் புரட்டுவார். என் கண்களோ மூலையில் கிடந்த பழைய தாள்களின் மீதே செல்லும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, சேர்த்து வைத்த காசைக் கொடுத்து, அங்கே ஒரு பழைய ஹாலிவுட் திரைப்படச் சுவரொட்டியை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பசைநாடா கொண்டு அதனைச் சுவரில் ஒட்டினேன். ஆடி மாத மழையில் சுவர் ஓதம் காத்தது. தாளைக் காப்பாற்ற எண்ணி அவசரமாக இழுத்தேன். நான்கு மூலைகளும் கிழிந்தன. நான் அழுதேன். தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. "ஒட்டும்போது அழகைப் பார்த்தாய், எடுக்கும் நாளை எண்ணவில்லையே, கண்ணா" என்று மட்டும் கூறினார்.

அன்றுமுதல் நான் சுவரொட்டிகளைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன். அக்காலத்து அமெரிக்கச் சுவரொட்டிகள் பெரும்பாலும் 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்டவை. அவற்றை மடித்தே திரையரங்குகளுக்கு அனுப்பினர். ஆகவே, மடிப்புக் கோடு குறையன்று. பழமைக்கு ஒரு சான்று. 1940களுக்குப் பிந்தைய பல சுவரொட்டிகளின் கீழ் விளிம்பில் ஓர் எண் காணப்படும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். மறுவெளியீடாயின் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து முன்னே நிற்கும். படம் ஓடி முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டப்பட்டபோதும் எண்ணற்றவை அழிந்தன. எஞ்சியவை சிலவே. அதனால்தான் அசல் தாளுக்கு இத்துணை மதிப்பு.

இக்கலைக்கும் நம் நகருக்கும் உள்ள உறவு பெரிது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் சௌரங்கியில் மெட்ரோ திரையரங்கை 1935இல் திறந்தது. சத்யஜித் ராய் 1943இல் இங்குள்ள ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். பின்னர்த் தம் திரைப்படங்களுக்குத் தாமே சுவரொட்டிகளை வரைந்தார். அவர் தீட்டிய வங்க எழுத்துகளே ஓவியங்களாக விளங்கின.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 'வள்ளி திருமணம்' என்னும் தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படம் 1933இல் வெளிவந்தது. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், கொல்கத்தாவின் பயனியர் திரைப்பட நிறுவனத்துடன் இணைந்து அதனை உருவாக்கினார். இச்செய்தியைப் படித்த நாளில், நான் வாழும் நகரம் எனக்கு மேலும் நெருக்கமாயிற்று. நமக்கு முன்பே நம் மொழி இங்கு வந்து உழைத்திருக்கிறது அன்றோ?

அப்படத்தின் சுவரொட்டி ஒன்றேனும் கிடைக்குமா என்று இன்றும் பழைய தாள்களின் அடுக்குகளில் தேடுகிறேன். இதுவரை கிடைக்கவில்லை. என் சேகரிப்பில் இன்று பல நல்ல தாள்கள் உள்ளன. அவற்றை அமிலமற்ற உறைகளில் இட்டு, ஈரமும் வெயிலும் படாமல் காத்து வருகிறேன். எனினும், எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மூலைகள் கிழிந்த அந்த முதல் தாளே. விலைமதிப்பு அதற்கு இல்லை. காக்கக் கற்றுக் கொடுத்தது அதுவே.