இசக்கி அண்ணனா, அக்காவா?

நெல்லைப் பக்கம் ஏதாவது பஸ் ஸ்டாண்டுல நின்னு "ஏ இசக்கி!"ன்னு கூப்பிட்டுப் பாருங்க. ஒரு அண்ணனும் திரும்பலாம், ஒரு அக்காவும் திரும்பலாம். இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி, இசக்கியம்மாள் எல்லாருமே கூப்பிடும்போது இசக்கிதான்.

இசக்கி ஒரு பெண் தெய்வம். வடமொழி 'யட்சி' தமிழில் 'இயக்கி' ஆகி, பேச்சில் 'இசக்கி' ஆனது. நெல்லையிலிருந்து நாகர்கோவில் போற வழியில, காற்றாலைகளுக்கு நடுவுல இருக்கிற முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் ரொம்பப் பிரபலம். அம்மனை வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு, பையனோ பொண்ணோ, அவ பேரையே வைப்பாங்க.

இங்கிலீஷ்ல எழுதும்போது பலரும் 'ஐ' போடாம 'ஈ' எழுத்துல ஆரம்பிக்கிறாங்க. வெளியூர்க்காரங்க அதைப் பார்த்து 'ஈசாக்கி'ன்னு வாசிப்பாங்க. ஆனா அந்த ஸ்பெல்லிங் தப்பில்ல. இலையை 'எலை'ன்னும் இடத்தை 'எடம்'னும் சொல்ற நாக்கு, இசக்கியையும் 'எசக்கி'ன்னுதான் சொல்லும். எழுதினவங்க காதுல கேட்டதை எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்.

பொம்பளை பேர்னு சொல்லி ஒரு பையனைக் கேலி பண்ற அதே ஊர்ல, அம்மன் பேரோட பசங்க தலை நிமிர்ந்து நடக்கிறாங்க. யுனிசெக்ஸ் பேரை கூகுள்ல தேடுற நமக்கு, அது பாட்டி காலத்துலயே வீட்டுல இருந்திருக்கு.

உங்க கிளாஸ்ல ஒரு இசக்கி இருந்தா, 'ஐசக்'னு சுருக்காதீங்க. நாலே எழுத்து. முழுசா கூப்பிடுங்க.