உப்பங்கழியில் ஒரு காலை

செம்மண்டலத்திலிருந்து நானும் நண்பரும் விடியுமுன் புறப்பட்டோம். சிதம்பரம் சேர்ந்து, கிழக்கே திரும்பிப் பிச்சாவரம் அடைந்தபோது கதிரவன் கண்விழித்திருந்தான். காடு காண வந்தோம்; கட்டணம் கொடுத்தோம்; துடுப்புப் படகிலே அமர்ந்தோம். மோட்டார்ப் படகு அகன்ற கழியோடு நின்றுவிடும். வேர்கள் இருபுறமும் விரல் நீட்டும் குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புக்குத்தான் வழி.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர்ப் பரப்பிலே கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. அலையை ஆற்றும் காடு! பெயரிட்டவர் யாரோ, பொருளறிந்தே இட்டார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, இதன் மறைவிலிருந்த சிற்றூர்கள் திறந்த கரை ஊர்களைவிடக் குறைவாகவே சேதமுற்றன என்று ஆய்வாளர்கள் எழுதினர். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டிபோல் நீண்டு, பின்னரே சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்கிறது.

தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் பட்டால் கண் கெடும். சிதம்பரம் தில்லையென்ற பெயரை வைத்துக்கொண்டது. மரத்தைக் கழிக்கு அனுப்பிவிட்டது!

“இங்கேதானுங்க ஐயா, ‘இதயக்கனி’ எடுத்தாங்க” என்றார் படகோட்டி. 1975இல் வந்த படம். அவர் முகத்திலோ நேற்றைய மகிழ்ச்சி.

வாய்க்கால் திரும்பும் முனையில், கழுத்தளவு நீரில் ஒரு பெண். பற்களிடையே பனையோலைப் பறி. இரு கைகளும் சேற்றைத் துழாவுகின்றன. நண்பர் கைப்பேசியை எடுத்தார். “இந்தப் பக்கம் திரும்பச் சொல்லப்பா” என்றேன் நான். ஆம், நான்தான் சொன்னேன்.

“வேண்டாங்க ஐயா. இருளர் வீட்டு அம்மா. கையாலேயே இறால் பிடிக்கிறாங்க. கையை எடுத்தா ஓடிப்போயிடும்.”

நாங்கள் பணம் கொடுத்து மிதந்த நீரிலே, அவர் பசிக்காக மூழ்கி நின்றார். கைப்பேசி பைக்குள் போயிற்று.

கரையிலே அவரை மீண்டும் கண்டோம். உள்ளங்கையெங்கும் சிப்பி கிழித்த கோடுகள். “ஒரு மனு எழுதித் தருவீங்களா சாமி?” என்றார்.

“சாமி என்னாதீர்கள் அம்மா” என்றேன்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாளாம். கல்லூரிக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். மூன்று முறை நடந்தாயிற்று. தகப்பனின் சான்றைக் கொண்டுவா என்கிறார்களாம். தகப்பனுக்கு யார் கொடுத்தார்கள், அவர் கொண்டுவர? ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காகச் சகசானந்தர் சிதம்பரத்திலே நந்தனார் பெயரால் கல்விக்கூடம் தொடங்கியது 1916இல். நூறாண்டு கடந்தபின், கதவு திறந்திருக்கிறது. காகிதமொன்று குறுக்கே நிற்கிறது!

தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து எழுதினேன். அதற்குள் அந்தப் பெண்ணே வந்து சேர்ந்தாள். வாங்கி, நின்றபடியே படித்தாள். “கருணை கூர்ந்து” என்று நான் எழுதியிருந்த இடத்திலே கண் நின்றது. என் பேனாவைக் கேட்டு வாங்கி, அதை அடித்துவிட்டு, மேலே “விதிப்படி” என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

இதை எழுதும் இன்றுவரை சான்றிதழ் வரவில்லை.