மனநல மாத்திரையும் ஒரு கணக்கு நோட்டும்

பி.காம். படிக்கிறவனுக்கு மருந்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லைதான். ஆனால் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் மாத்திரைக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறவன் நான். சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். யாரும் பேசாதபோதும் அவர் காதில் குரல் கேட்கும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுல, பேரு மட்டும் போடாத" என்றார்.

தூத்துக்குடியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி தாண்டிப் போனால் ஏர்வாடி. மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கூட்டி வருகிறவர்களை நம்பி அங்கே தனியார் இல்லங்கள் பல நடந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படி ஒரு இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது.

1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த வகை மாத்திரைகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஏர்வாடியில் தீப்பிடித்தபோது இந்த மருந்துகள் வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது! மருந்து இருந்தால் மட்டும் போதாது, அது சரியான முறையில் ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

முதல் ஆபத்து, சரியாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துவது. சித்தப்பாவும் கேட்டார்: "எனக்குத்தான் சரியாயிட்டே, பெறவு எதுக்குல மாத்திர?" நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. அதுதான் ஏமாற்று. மருந்து சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், நோய் திரும்ப வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். நாம் அக்கவுண்டன்சியில் படிக்கிறோமே, கொடுபட வேண்டிய செலவு, அது மாதிரி. இன்றைக்குப் பணம் போகவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது.

இரண்டாவது, வேலை. சித்தப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். வெயிலுக்குப் பயந்து நடுராத்திரி தாண்டியதுமே கிளம்பிவிடுவார்கள். அவர் போடுவது ஓலன்ஸாபின், தூக்கம் வரவழைக்கும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டு மூன்று மணிக்குப் பாத்தியில் நின்றால் தள்ளாடத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. டாக்டரிடம் வேலை நேரத்தைச் சொன்னோம். சாயங்காலம் ஆறரை மணிக்கு மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம்! நம் வேலை என்ன, எத்தனை மணிக்கு எழுகிறோம் என்பதை நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கக்கூடும். கை நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கூடவே கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையையும் குறைக்கும். மே மாதத்து உப்பளத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு மூன்றும் வேண்டும். கடுமையான காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்து, ஆளும் குழம்பிப் போனால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

நோட்டில் மாத்திரைக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள், எடை ஒன்று, சர்க்கரை ஒன்று. ஓலன்ஸாபின் பசியைக் கிளப்பும், எடை ஏறும், சர்க்கரை நோய் வரவும் வழி உண்டு. குளோசபின் போடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம், தொடக்கத்தில் வாரா வாரம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பீடி, சிகரெட் புகை இந்த இரண்டு மருந்தையும் உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். அதனால் புகையைத் திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். விடுவது நல்லது, டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

"குழம்புல பொடிச்சுக் கலந்து குடுத்துருங்க, அவுகளுக்குத் தெரியவா போவுது" என்று சித்திக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. சித்தி கேட்கவில்லை. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால்? சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று பயப்படுகிற நோயாளிக்கு அந்தப் பயத்தை நாமே உண்மையாக்கிக் காட்டியதாக ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் பெரிய சிக்கல் பக்கவிளைவு இல்லை, மறைப்பு. தங்கைக்கு, அதாவது சித்தப்பா மகளுக்கு, மாப்பிள்ளை பார்க்கிற சமயம். யாராவது வந்தால் மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் போய்விடும். வந்தவர்கள் கிளம்ப எட்டு மணி ஆகும். நோட்டில் விட்டுப்போன நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். ஆறில் நாலு, விருந்தாளி வந்த நாள்! வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தங்கைதான் சொன்னாள்: "எங்க அப்பா மாத்திர சாப்பிடுதது பிடிக்காதவுக, இந்த வீட்டுக்கு வரவே வேண்டாம்."

இப்போது டப்பா, ஆச்சியின் சுகர் மாத்திரைக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற அலமாரியில் இருக்கிறது. இன்னும் வரன் அமையவில்லை. இந்த மாதம் ஒரு கட்டம்கூட காலி இல்லை.

பி.கு: நான் டாக்டர் இல்லை. மாத்திரையை மாற்ற, குறைக்க உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் மாத்திரையும் இலவசம். பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம்.