மெல்லலகு வில்லுக்கத்தி

பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தினர் எழுதியபொழுது, கல்லூரியின் கீர்த்தியைப் பற்றியும் நம் ஆசான்களின் அருமை பற்றியும் எழுதுதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர் என்பதே முதலில் நினைவுக்கு வந்தது. ஆதலின், சென்ற ஈராண்டுகளாக என் சிந்தையைக் கவர்ந்து நின்ற ஒரு சிறு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது சட்டைப்பையில் அடங்கும் வில்லுக்கத்தி. அன்பர்கள் நகைக்க வேண்டா. இப்பொருள் கல்விக்குப் புறம்பானதும் அன்று.

பேனாக்கத்தி என்னும் பெயரையே நோக்குக. மேனாட்டார் பறவையின் இறகைச் சீவிப் பேனாவாக்கி எழுதிய காலத்தில், அதன் முனையைத் திருத்துதற்கென வைத்திருந்த சிறு கத்திக்கே அப்பெயர் உரியது. இறகு போய் இரும்பு முள் வந்த பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் முன்னோரிடத்தும் இத்தகையதொன்று இருந்தது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பேசப்படுவனவற்றுள் மடக்கெழுத்தாணி என்பது பிடிக்குள் மடக்கி வைக்கத்தக்கது. ஒரு புறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலை வாருங் கத்தியுமாக அமைந்தது. நம் கல்லூரியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசான் ஒருவர், ஏடு ஒன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, "எழுதத் தெரிந்தவன் முதலிற் சீவத் தெரிந்தவனாக இருந்தான்" என்று சொல்லுவார். அவர் எங்கள் பென்சில்களையும் அவ்வாறே சோதிப்பார் என்பது வேறு செய்தி.

இனி என் தேவைக்கு வருகின்றேன். என் தந்தையார் உடப்பிலே கரைவலை இழுத்து எங்களை வளர்த்தவர். அம்பா பாடி வடம் இழுத்த அந்தக் கைகளுள் வலக்கை, அவருடைய எழுபத்தொன்பதாம் வயதில் வந்த பாரிசவாதத்தினால் வலுவிழந்தது. நடையும் பேச்சும் சில மாதங்களில் ஓரளவு மீண்டன, கை மீளவில்லை. மாலையில் வாடியோரத்தில் அமர்ந்து, மடியிலிருந்து கத்தியை எடுத்து மாங்காயோ வெள்ளரியோ சீவி, தாம் ஒரு துண்டு தின்று பேரப்பிள்ளைகளுக்கு மூன்று துண்டு கொடுப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். நோய்க்குப் பின்னர், பிறர் சீவி வைத்த தட்டை அவர் ஏறெடுத்தும் பாரார். சோற்றை ஊட்டினால் உண்பார். பழத்தை மட்டும் தொடார். இதனைப் பிடிவாதம் என்று என் தமக்கையார் கூறினார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எஞ்சிய இடக்கையினால், அதிக விசை செலுத்தாமல், அவரே சீவத்தக்க ஒரு கத்தியைத் தேடுவதென முடிவு செய்தேன்.

அவருடைய பழைய கத்தி உதவவில்லை. அது வலக்கைக்காரருக்கென வலப்புறம் மட்டுஞ் சரிவு வைத்துத் தீட்டப்பட்டது. அத்தகைய கத்தியை இடக்கையிற் பிடித்துச் சீவினால் அலகு இடப்பக்கமாக விலகி ஓடும். துண்டு ஒரு புறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் விழும். வலக்கையுடையோர் இதனை ஒருபோதும் உணரார். ஆகவே இருபுறமும் ஒப்பச் சரிந்த அலகு வேண்டும் என்பது முதலாவது விதியாயிற்று.

இரண்டாவது விதியே முதன்மையானது. கூர்மை வேறு, சீவுந்திறன் வேறு. கூரிய விளிம்பு பொருளினுள் நுழைவதற்கு வழி திறக்கின்றது. அதன் பின் அலகின் உடல் முழுவதும் அவ்வழியே செல்ல வேண்டும். உடல் தடித்ததாயின் அஃது ஆப்புப் போலப் பொருளைப் பிளக்குமேயன்றிச் சீவாது. தக்காளி போன்ற மென்பொருளில் இவ்வேறுபாடு புலப்படாது. மாங்காய், கரட் முதலிய வன்பொருள்களிற் பாதி தூரம் சென்றதும் 'படக்' என்ற ஒலியோடு துண்டு தெறித்து விழுவது இதனாலேயே. எனவே முதுகின் தடிப்பை மட்டும் அளந்து பயனில்லை. விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கின்றது என்பதே நோக்கற்பாலது. முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே சீராக மெலிந்து வரும் அலகு நன்று. மூன்று மில்லிமீற்றர் தடித்த தகட்டின் ஓரத்தில் மாத்திரம் சிறு சரிவு வெட்டிய அலகு எவ்வளவு தீட்டினாலும் ஆப்பே. நம் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளில் இவ்வுண்மை நாள்தோறும் விளங்குகின்றது. விறகு தறிக்கும் மன்னாக்கத்தி தடித்தது. கள் இறக்குவோரின் பாளைக்கத்தியோ பாளை நுனியைத் தாள்போலச் சீவியெடுக்கும். ஒன்றன் வேலையை மற்றது செய்யாது. கடலுக்குச் செல்லும் இளைஞருக்கு ஒன்று கூறிவிடுகின்றேன்: காலிற் கயிறு சுற்றும் வேளையில் மடக்குக் கத்தியை விரித்துக்கொண்டிருக்க அவகாசம் இராது, அவர்களுக்கு உறையிலிட்ட மடங்காக் கத்தியே தக்கது. நான் பேசுவது கரையில் அமர்ந்து பழஞ் சீவுவார்க்கு உரியது.

சிலாபத்துக்கு நான் சென்றபோது, ஒரு மாங்காயையும் ஒரு கரட்டையும் பையிற் கொண்டு சென்றேன். கடைக்காரர் முஸ்லிம் அன்பர், நெடுநாட் பழக்கமுடையவர். அவர் காட்டிய கத்திகள் பார்வைக்கு அச்சந் தருவன: கறுப்புப் பூச்சு, அரம்போன்ற பற்கள், முதுகில் வெட்டுகள். "சேர், இது கடதாசியைச் சீவும், பாருங்க" என்று ஒரு தாளைக் காற்றிலே கீறிக் காட்டினார். கடதாசியில் விளிம்பின் கூர்மை மட்டுமே தெரியும்; அலகின் உடலுக்கு அங்கே வேலையில்லை. "நானா, இதனை இந்த மாங்காயிற் பார்ப்போமா?" என்றேன். மாங்காய் இரண்டாய்ப் பிளந்து ஒரு பாதி அவருடைய கணக்குப் புத்தகத்தின்மேற் சென்று விழுந்தது. அவர் சினங்கொள்ளவில்லை. ஐந்து கத்திகளை அவ்வாறே சோதித்தோம். ஈற்றில், "சேர், உங்களுக்கு வேண்டிய கத்தி இங்க இல்ல, மாங்காய்க்கு உப்பு வேணுமெண்டா இருக்கு" என்று கூறி, மீதியை இருவரும் தின்றோம். வணிகர் ஒருவர் இவ்வளவு நேர்மையாகப் பேசுவது அரிது.

உப்பு என்றதும் உருக்கைப் பற்றிக் கூற வேண்டியதாகின்றது. மெல்லிய அலகுக்கு உரங்கூடிய உருக்கு இன்றியமையாதது. இளகிய உருக்கை மெலிதாக்கினால் விளிம்பு மடங்கிவிடும். கரி மிகுந்த உருக்கு உரமும் கூர்மையும் தரவல்லது. அதனை உருவாக்குதலில் நம் தீவு பழம்பெருமை உடையது. சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கிய உலைகளை கில் ஜூலெவ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து, 1996-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். கி.பி. 7-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை அங்கே கரி மிகுந்த உருக்கு விளைந்தது. ஆயினும் அத்தகைய உருக்குக்குப் பகை நம் கடற்கரை. புத்தளத்தில் உப்பு விளைவிக்கும் அதே காற்றும் வெயிலும் கத்தியிற் கறளை விளைவிக்கின்றன. மாங்காய் சீவிய கரியுருக்குக் கத்தியைத் துடைக்காது வைத்தால் மறுநாட் காலையிற் செம்பழுப்புப் புள்ளிகளைக் காணலாம். ஒரு கை வழங்காத முதியவரிடம் நாள்தோறும் துடைத்து எண்ணெயிடுமாறு கூறுதல் தகுமா? ஆகவே கறள் எதிர்க்கும் உருக்கே வேண்டியிருந்தது. 1913-இல் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரேர்லி குரோமியங் கலந்து ஆக்கிய உருக்கின் வழிவந்தது அது. பிரெஞ்சு மொழியில் அதனை 'இனொக்ஸ்' என்பர். சுவிற்சர்லாந்தின் புகழ்பெற்ற கத்தி நிறுவனம், நிறுவியவரின் தாயாராகிய விக்டோரியாவின் பெயரோடு அச்சொல்லைச் சேர்த்து 1921-இல் 'விக்டோரினொக்ஸ்' ஆயிற்று. இவ்வுருக்கும் உப்பு நீரில் நெடுநேரங் கிடந்தால் புள்ளிவிழுமேயாயினும், மறதியைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும்.

சுவிற்சர்லாந்துக் கத்தி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அலகு மெல்லியது, சீவுந்திறனும் நன்று. அதன் வில் இறுக்கமானது. அலகு சட்டென மூடாதிருக்க அவ்விறுக்கம் வேண்டியதே. நகத்தைப் பள்ளத்திற் பொருத்தி இழுப்பதற்கு ஒரு கையும், பிடியைப் பற்றுதற்கு மறு கையும் வேண்டும். தந்தையார் ஒருமுறை பல்லினால் இழுக்க முயன்றதைக் கண்டு அதனை ஒளித்து வைத்தேன்.

பரிஸ் நகரில் வாழும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபொழுது, பயணப் பெட்டியில் ஒப்பினல் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தான். சவோய் மலைநாட்டில் யோசேப் ஒப்பினல் என்பவர் 1890-இல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி இது. பீச் மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி; வில் இல்லை. விரிந்த அலகு மூடாதவாறு திருகிப் பூட்டும் வளையம் 1955-இல் சேர்க்கப்பட்டது. அவன் கொணர்ந்தது 8-ஆம் இலக்கம். அலகு எட்டரைச் சென்றிமீற்றர் நீளம், கறள் எதிர்க்கும் உருக்கு, இருபுறமும் ஒப்பான சரிவு, முதுகிலிருந்தே மெலிந்து வரும் உடல். மடக்கிய நிலையிலும் அலகின் ஒரு பகுதி பிடிக்கு வெளியே நிற்பதால் நகத்தின் உதவியின்றி இரு விரலாற் பற்றி இழுக்கலாம். மாங்காயில் வைத்தேன், ஒலியே இல்லை. துண்டின் ஊடே கடல் தெரிந்தது என்றால் அது சற்றே மிகைதான்.

மரப்பிடி ஈரத்தில் ஊதும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலகு இறுகிவிடாதிருக்கும் பொருட்டு, பிடியின் பிளவை உரைதாளால் மெல்ல அராவித் தேங்காயெண்ணெய் ஊட்டி மூன்று நாள் வெயிலில் வைத்தேன். பின்னர் அதனைத் தந்தையாரிடம் கொடுத்து விலகி நின்றேன். அவர் பிடியை இரு முழங்கால்களுக்கிடையே செருகி, இடக்கை விரல்களால் அலகை இழுத்தார். அரைவழியில் நின்றது. நான் ஓரடி முன்வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மீண்டும் பின்வாங்கினேன். மறுமுறை முழுதும் விரிந்தது. வளையத்தைத் திருகுதற்கு அவருக்கு நான்கு நாட்கள் பிடித்தன. மாங்காய் உருளாதிருக்க, ஒரு பலகையில் இரண்டு ஆணிகளைத் தலைகீழாக அடித்து அதன்மேற் குத்தி வைத்தோம். இவ்வுபாயம் என் தமக்கையாருடையது.

இப்பொழுது ஓராண்டு கழிந்துவிட்டது. மாதமொருமுறை நான் அதனைச் சாணைக்கல்லில் ஒவ்வொரு புறமும் பத்துத் தடவை, மிகச் சாய்வாக வைத்துத் தீட்டுகின்றேன். கல்லில்லாத வேளையில் பீங்கான் கோப்பையின் பூச்சற்ற அடிவிளிம்பே போதுமானது. தீட்டி முடித்ததும் அவர் வாங்கி, ஒரு துண்டு சீவி, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கின்றார். தடித்திருந்தால் ஒன்றுங் கூறாது கத்தியைத் திரும்ப நீட்டுவார். மெலிந்திருந்தால், "தம்பி, உப்பை எடு" என்பார்.