ரிட்டன் லோடு

ஜூலை 15, 2024. திங்கள்

கம்பெனி கடைசியாகக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் இப்போது வாசலில் நிற்கிறது. 2019 ராம் 3500 பிக்கப், டீசல், பின்னால் ஜோடி டயர். இரண்டு கார் ஏற்றும் ட்ரெய்லர் வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். மே மாதம் பதினைந்து நிமிட மீட்டிங்கில் இவர் வேலை போனது. பச்சை அட்டை கையில் இருந்ததால் தப்பித்தோம். எச்1பி விசாவிலேயே இருந்திருந்தால் அறுபது நாளில் வேறு வேலை தேடியிருக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

கார் ஏற்றி இறக்கும் தொழில். ஓட்டுவது இவர். லோடு பிடிப்பது, பேரம் பேசுவது, பேப்பர் பார்ப்பது எல்லாம் நான். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். மறந்துபோவதற்கு முன் எழுதி வைக்கலாம் என்று மகளின் பழைய ஸ்கூல் நோட்டை எடுத்தேன். முதல் நான்கு பக்கம் உயிரியல்.

சங்ககிரிக்குப் போன் போட்டு மாமாவிடம், அதாவது இவர் அப்பாவிடம், நான்தான் சொன்னேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எத்தன டன் ஏத்தும் அம்மிணி?" என்று கேட்டார்.

ஜூலை 18. வியாழன்

மாமாவின் கேள்விக்கு இன்றுதான் விடை தெரிந்தது. மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல். சிரிப்பார்.

கணக்கு இப்படிப் போகிறது. வண்டியின் அனுமதி எடையும் ட்ரெய்லரின் அனுமதி எடையும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால், ட்ரெய்லர் 10,000-க்கு மேல் இருக்கும் பட்சத்தில், கனரக ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சிப் பள்ளி, தேர்வு, மாதக்கணக்கில் காத்திருப்பு. எங்கள் வண்டிக்கு 14,000. ஆகவே ட்ரெய்லரை 12,000 என்று பதிந்து வாங்கினோம். கோட்டின் மேலேயே நிற்கிறோம். ட்ரெய்லரின் சொந்த எடை ஐயாயிரத்தைக் கழித்தால் காருக்கு ஏழாயிரம் மிச்சம். ஒரு கேம்ரி சுமார் 3,400. ஒரு கொரோலா சுமார் 3,000. இரண்டும் ஏறும். இரண்டு பெரிய எஸ்யூவி என்றால் இடம் இருக்கும், எடை இருக்காது.

இப்போதெல்லாம் ரோட்டில் போகும் காரைப் பார்த்தால் நிறம் தெரிவதில்லை, பவுண்டுதான் தெரிகிறது.

ஜூலை 24. புதன்

மத்திய மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தில் டிஓடி அடையாள எண்ணுக்கும் எம்சி அனுமதி எண்ணுக்கும் விண்ணப்பித்தது திங்கட்கிழமை. எம்சிக்குக் கட்டணம் 300 டாலர். எண் உடனே வந்துவிடுகிறது, ஓட்ட அனுமதிதான் வருவதில்லை. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பத்து நாள் அறிவிப்பு போடுவார்கள். இன்ஷூரன்ஸ்காரர் தன் கையால் நிர்வாகத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். எங்கள் மேல் யாராவது வழக்குப் போட்டால் நோட்டீஸ் வாங்கிக்கொள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஆளை நியமிக்க வேண்டும். பிஓசி-3 என்ற ஒரே படிவத்தில் அது முடிகிறது. வழக்கு வாங்க ஆள் ரெடி, லோடுதான் இல்லை.

நேற்றுக் காலையிலிருந்து போன் ஓயவில்லை. பதிவு செய்தவர்களின் விவரம் பொதுவில் இருப்பதால் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எரிபொருள் அட்டை, கடன், இணையதளம். ஒரு பெண் அரசாங்கத்திலிருந்து பேசுவதைப் போலவே பேசி, இன்று மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் எண் ரத்தாகும் என்றாள். "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று மூன்று தடவை கேட்டதும் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 2. வெள்ளி

இன்ஷூரன்ஸ் விலை கேட்டேன். இன்று எழுத மனமில்லை.

ஆகஸ்ட் 6. செவ்வாய்

சட்டப்படி 7,50,000 டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு போதும். ஆனால் லோடு கொடுக்கும் புரோக்கர்கள் பத்து லட்சம் இல்லாமல் முகம் கொடுப்பதில்லை. ஏற்றும் காருக்குத் தனிக் காப்பீடு. புது அனுமதி என்றாலே தொகை எகிறுகிறது. இவருடைய ஓட்டுநர் பதிவில் இத்தனை வருடத்தில் ஒரு கரும்புள்ளி இல்லை. அதற்கு என்ன தள்ளுபடி என்று கேட்டேன். ஏஜெண்ட் சிரித்தார். கட்டினோம். இரவு இருவரும் சாப்பிடவில்லை. மகள் மட்டும் தோசை வார்த்துத் தின்றாள்.

ஆகஸ்ட் 17. சனி

குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். வாசலில் ட்ரெய்லர் நிறுத்தக் கூடாதாம். மாத வாடகைக்கு ஊருக்கு வெளியே ஒரு யார்டில் இடம் பிடித்திருக்கிறோம். மாமா கேட்டார்: "உங்க வூட்டு முன்னால உங்க வண்டிய நிறுத்தறதுக்கு எவன் அம்மிணி கேக்கறது?" எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29. வியாழன்

முதல் லோடு. டாலஸ் ஏல யார்டிலிருந்து டல்சாவுக்கு ஒரு கேம்ரி, ஒரு கொரோலா. இரண்டுக்கும் சேர்த்து 450 டாலர். சென்ட்ரல் டிஸ்பேட்ச் என்ற இணைய லோட் போர்டில் நான் பிடித்தது. அதற்கு முன் கூப்பிட்ட புரோக்கர்களில் பாதிப்பேர் எங்கள் எம்சி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தொண்ணூறு நாள் கழித்துக் கூப்பிடுங்கள்" என்றே சொன்னார்கள்.

நானும் யார்டு வரை போனேன். கேட் பாஸ் காட்டி உள்ளே விட்டார்கள். ஏற்றுவதற்கு முன் காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதுதான் பெரிய வேலை. பம்பர், கதவு, வீல், கண்ணாடி, மைலேஜ், சாவி. ஒரு கீறல் இருந்தால் அது முன்பே இருந்தது என்பதற்கு நம்மிடம் சாட்சி வேண்டும். இவர் கீறலைத் தொட்டுப் பார்த்து, குனிந்து, வெளிச்சம் படும் பக்கம் நகர்ந்து படம் எடுத்தார். கல்யாணமான புதிதில் கேமரா வாங்கியபோது அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். இடையில் எங்கே போனது அது?

பட்டை கட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வாடகை யார்டில் பக்கத்து இடத்தில் வண்டி நிறுத்தும் உக்ரைன்காரர். சட்டம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறைந்தது இரண்டு கட்டுக் கேட்கிறது. அவர் நான்கு சக்கரத்துக்கும் கட்டச் சொல்வார். காரின் உடம்பைக் கட்டாதே, டயரைக் கட்டு, கார் தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளட்டும் என்பார். கிளம்பி ஐம்பது மைலுக்குள் ஒரு தடவை இறங்கிக் கட்டைப் பார்க்க வேண்டும், இது சட்டம். இவர் முப்பது மைலில் இறங்கிப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார்.

இரவு வெற்று ட்ரெய்லரோடு திரும்பினார். போக வர டீசலுக்கு மட்டும் 170 டாலர் போலப் போயிற்று. மாமாவுக்கு நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ரிட்டன் லோடு எடுக்காம ஏன் வந்தான்?"

செப்டம்பர் 12. வியாழன்

பணம் வரவில்லை. முப்பது நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏழாம் நாளே கேட்க ஆரம்பித்துவிட்டேன். இவர் என்னிடம், "என்னங்க மேடம், புரோக்கர் ஓடிருவாருங்களா?" என்கிறார். பாதிக் கிண்டல்தான்.

செப்டம்பர் 14. சனி

மாமா முப்பது வருடம் லாரி வைத்திருந்தார். மகனைப் படிக்க வைக்க லாரியை விற்றார் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். இன்று அவரே சொல்கிறார், டீசலுக்கும் டயருக்கும் கட்டுப்படியாகாமல் விற்றாராம். படிப்புச் செலவு அதன் பிறகு வந்ததாம். இவருக்கு இது தெரியுமா என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 27. வெள்ளி

ஹெலீன் புயல் நேற்று இரவு புளோரிடாவில் கரையேறியிருக்கிறது. டிவியில் கூரை மட்டும் தெரியும் கார்கள். அதைப் பார்த்துக்கொண்டே லோட் போர்டைத் திறந்தேன். டிவியை அணைத்துவிட்டுத் திறந்திருக்கலாம்.

அக்டோபர் 11. வெள்ளி

ஆயுத பூஜை. யார்டில் வைத்தோம். சந்தனம், குங்குமம், கதம்பத்துக்குப் பதிலாக மளிகைக் கடையில் வாங்கிய சாமந்தி. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம். உக்ரைன்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சம் இருந்த பழத்தைக் கேட்டு வாங்கித் தன் டயருக்கும் வைத்தார். ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் வேண்டும் என்று என் மகள் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

நாளை அட்லாண்டா. ஒரே மூச்சில் போக முடியாது. ஒரு நாளில் பதினோரு மணி நேரம்தான் ஓட்டலாம், வேலை தொடங்கியதிலிருந்து பதினான்கு மணி நேரத்துக்குள். வண்டியில் இருக்கும் கருவி எழுதிக்கொண்டே வரும். சீட்டிலேயே தூங்குவாராம்.

அக்டோபர் 15. செவ்வாய்

இன்று முழுவதும் ஒரே ஒரு லோடைப் பற்றித்தான்.

அட்லாண்டாவில் நேற்று இறக்கிவிட்டார். காலையில் ஒரு புரோக்கர் கூப்பிட்டார். தாம்பாவிலிருந்து டாலஸ், ஒரு டெஸ்லா மாடல் 3, ஒரு கொரோலா, இரண்டும் ஹெலீன் புயலில் நனைந்தவை. 2,600 டாலர். இதுவரை எங்களுக்கு அப்படி ஒரு தொகை வந்ததே இல்லை. எடை போட்டுப் பார்த்தேன், ஏழாயிரத்துக்குள் நின்றது. எடையைச் சாக்குச் சொல்லித் தப்பவும் வழியில்லை.

மின்சாரக் கார் உப்புத் தண்ணீரில் மூழ்கினால் தண்ணீர் வடிந்த பிறகும் உப்பு உள்ளே தங்குகிறது. பேட்டரிக்குள் சேரக்கூடாத இடங்களை அது சேர்த்துவிடுகிறது. ஒரு செல் சூடாகி அடுத்ததைச் சூடாக்கும். உடனே நடக்காது. சில நாள் கழித்தும் நடக்கலாம், சில வாரம் கழித்தும். 2022-இல் இயான் புயலுக்குப் பிறகு புளோரிடாவில் அப்படித்தான் கார்கள் எரிந்தன. அத்தகைய காரைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் ஐம்பது அடி தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள். ட்ரெய்லரில் நிற்கும் காருக்கும் அவர் தலைக்கும் நடுவில் எத்தனை அடி? ஏஜெண்டைக் கேட்டேன், காப்பீட்டின் விலக்குப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

வேண்டாம் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் இவருக்குப் போன் போட்டேன்.

"எங்கிட்டக் கேக்கோணும்னு தோணலியா?"

"கேட்டா ஏத்திக்கறேன்னு சொல்லியிருப்பீங்க."

"ஏத்தித்தான் இருப்பேன். ஆபீஸ்லதான் மேனேஜர்னா ரோட்லயும் மேனேஜர்." வைத்துவிட்டார்.

மதியம் அட்லாண்டாவிலிருந்து ஷ்ரீவ்போர்ட்டுக்கு இரண்டு கார் கிடைத்தது. தாம்பா தொகையில் பாதிகூட இல்லை. அங்கிருந்து வீடு வரை காலி. எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி அனுப்பினார்.

ராத்திரி மாமாவைக் கூப்பிட்டேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்திருந்தேன். "மாமா, தீபாவளிக்கு முந்தி சிவகாசி லோடு வருமல்லங்க, நீங்க பட்டாசு ஏத்துனதுண்டுங்களா?"

"ஏத்துனனே. அப்பத்தான் வாடகை நல்லாக் குடுப்பான்."

"பயமா இருக்காதுங்களா?"

"இருக்கும். உங்க அத்தகிட்டச் சொல்ல மாட்டன்."

அக்டோபர் 17. வியாழன்

வந்துவிட்டார். ரசம் கேட்டார். லோடு பேச்சு எடுக்கவில்லை, நானும்.

அக்டோபர் 31. வியாழன்

தீபாவளி. அவர் அமரில்லோ பக்கம் எடை நிலையத்து வரிசையில் நின்றபடி வீடியோவில் வந்தார். டல்சா பணம் வந்து ரொம்ப நாளாயிற்று, அதை எழுத மறந்திருக்கிறேன்.

நவம்பர் 7. வியாழன்

பாதுகாப்புத் தணிக்கைக்குக் கடிதம். புதிதாக வந்த எல்லோருக்கும் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் வரும் என்று உக்ரைன்காரர் சொல்லியிருந்தார். நேரப் பதிவு, வண்டி பழுதுபார்த்த ரசீது, விபத்துப் பதிவேடு, காப்பீடு, பிறகு ஓட்டுநர் கோப்பு. இந்த ஓட்டுநர் கோப்புதான் வேடிக்கை. முதலாளியும் ஓட்டுநரும் ஒரே ஆளாக இருந்தாலும் கோப்பு வேண்டும். மருத்துவச் சான்று, ஓட்டுநர் பதிவு, வேலைக்கான விண்ணப்பம்.

ஆகவே இவர் இவருக்கே வேலை கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறார். ஜூலையிலேயே எழுதியது, நான் இன்றுதான் படித்தேன். முந்தைய வேலை, பதவி, சேர்ந்த தேதி. விலகிய காரணம் என்ற கட்டத்தில் 'ஆள்குறைப்பு' என்று மட்டும் போட்டிருக்கிறார். கையெழுத்து ரொம்ப நேர்த்தியாக இருந்தது. ஜூன் மாதம் அனுப்பிய எந்த விண்ணப்பமும் கையால் எழுதியதில்லை அல்லவா, அவர் கையெழுத்தைப் பார்த்தே வருடக்கணக்காகிறது. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட முதலாளி கையெழுத்தும் அதே நேர்த்தியில்.

ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

நவம்பர் 12. செவ்வாய்

காலையில் எழுந்ததும் எரிச்சல். முதுகு வலிக்கிறது என்கிறார். வேண்டாம் இந்தத் தொழில் என்று இன்று நூறு தடவை நினைத்தேன். மாலையில் ஓக்லஹோமா சிட்டிக்குப் போகவும் வரவும் இரண்டு பக்கமும் லோடு பிடித்தேன். ட்ரெய்லர் ஒரு மைல்கூடக் காலியாக ஓடாது. மகளிடம் சொல்லி அவளைக் கைதட்ட வைத்தேன்.

நவம்பர் 19. செவ்வாய்

சார்லட்டிலிருந்து போன். டேட்டாபேஸ் வேலை, ஒப்பந்தம், ஆறு மாதம், நீட்டிக்கலாம். மே மாதம் விண்ணப்பித்தது. அடுத்த திங்கட்கிழமை நேரில் வர முடியுமா என்கிறார்கள். இவர் வெயிகோ பக்கம் ஓட்டிக்கொண்டிருந்ததால் என்னிடம் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ம்" என்றார். வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, "ஃப்ளைட் டிக்கெட் எவ்வளவு?" என்றார். பார்த்துச் சொன்னேன். "அத்தனையா?" என்றார்.

மணி பதினொன்று. அவர் தூங்கிவிட்டார், போவதா இல்லையா என்று சொல்லவே இல்லை. நான் லோட் போர்டில் டாலஸ்–சார்லட் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் மைல் இருக்கும், சனிக்கிழமை விடிகாலை கிளம்ப வேண்டும். ஒரு ஹோண்டா அக்கார்ட் கிடக்கிறது, சுமார் 3,300 பவுண்டு. இன்னும் ஒரு சின்னக் கார் வேண்டும். அங்கிருந்து திரும்புவதற்கு மூன்று லோடு இருக்கிறது, அதில் ஒருவரிடம் காலை எட்டு மணிக்குப் பேசுகிறேன் என்று செய்தி போட்டுவிட்டேன்.